ஆட்டோபைலட் ஓடும்போது வீல் சுற்றினால் காற்றாம்! எந்த ஊர் நியாயம் இது?

நங்கூரம்72:
நேற்று ஒருவர் பாவம், ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சுக்கானைத் திருப்பும் ஸ்டியரிங் உள்ள படகில் ஆட்டோபைலட்டைப் போட்டால் வீலும் சேர்ந்து தானாகச் சுற்றுகிறது, ஏன் என்று. அதற்குக் காற்றாடி ஒரே வரியில் "லைனில் காற்று. ஏர் எடுங்கள், நின்றுவிடும்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அதற்குக் கீழே வரிசையாக நன்றிகள் வேறு. எனக்கு வயிறு எரிகிறது.

வீலுக்குப் பின்னால் இருக்கும் ஹெல்ம் பம்புக்குள் ஒரு ஜோடி செக் வால்வு, அதாவது எண்ணெயை ஒரே பக்கம் விடும் வால்வு, இருக்கிறது. அது எதற்கு? ஆட்டோபைலட் பம்ப் எண்ணெயைத் தள்ளும்போது அந்த எண்ணெய்க்கு இரண்டு வழி உண்டு. ஒன்று சிலிண்டருக்கு, இன்னொன்று ஹெல்முக்கு. செக் வால்வு ஹெல்ம் வழியை அடைக்கும், அத்தனை எண்ணெயும் சிலிண்டருக்குப் போய்ச் சுக்கானைத் திருப்பும். வால்வு உட்காரும் இடத்தில் ஒரு தூசி மாட்டினால் போதும், எண்ணெய் ஹெல்முக்குள் கசிந்து அங்குள்ள பிஸ்டன்களைப் பின்பக்கமிருந்து தள்ளும். பம்ப் மோட்டாராகிவிடும். வீல் சுற்றும். இதில் காற்று எங்கே வந்தது? காற்று அமுங்கும். வீலைச் சுற்றாது.

காற்றாடி:
அந்தக் காற்றாடி நான்தான் ஐயா, வணக்கம். என் படகிலும் இதே கோளாறு இருந்தது. ஏர் எடுத்தேன். 2 லிட்டர் புது எண்ணெய் போனது. நின்றுவிட்டது. மூன்று வருடமாக வீல் அசையவில்லை. உங்கள் பாடம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதற்கு என்ன பதில்?

நங்கூரம்72:
//ஏர் எடுத்தேன். நின்றுவிட்டது.//

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. 2 லிட்டர் எண்ணெயை வால்வு வழியாக ஓட்டினால் அங்கே இருந்த தூசி அடித்துக்கொண்டு போகும். நின்றதற்குக் காரணம் தூசி போனது. பழைய எண்ணெய் கறுப்பாக வந்ததா இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

காற்றாடி:
கொஞ்சம் கறுப்பு. பல வருட எண்ணெய் பிறகு பன்னீர் நிறத்திலா இருக்கும்? ஆனால் குமிழி வந்தது. சிலிண்டர் முனையில் கண்ணாடிக் குழாய் மாட்டி இந்தக் கண்ணால் பார்த்தேன். உங்கள் தூசியை நீங்கள் பார்த்தீர்களா?

நங்கூரம்72:
குமிழி வரும். எந்த லைனைத் திறந்தாலும் கொஞ்சம் வரும். குமிழி வந்தது என்பதற்கும் குமிழிதான் வீலைச் சுற்றியது என்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரிகிறதா? காற்று இருந்தால் வீல் ஸ்பஞ்சு மாதிரி இருக்கும். கடைசி வரை திருப்பி அழுத்திப் பிடித்தால் ரிசர்வாயரில், அதாவது எண்ணெய்த் தொட்டியில், எண்ணெய் மட்டம் இறங்கும், விட்டால் ஏறும். ஏனென்றால் உள்ளே காற்று அமுங்கி விரிகிறது. அதுதான் காற்றுக்குச் சோதனை. அதைச் செய்தீர்களா?

காற்றாடி:
செய்தேன். இறங்கியது. ஒரு விரற்கடை. ஆக, காற்று இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

நங்கூரம்72:
இருந்தது என்று சொன்னேனா, சுற்றியது என்று சொன்னேனா?

ஆம்பியர்:
இரண்டு பேரும் மோட்டார் முனையில் வோல்டேஜ் பார்த்தீர்களா? பாட்டரியிலிருந்து பம்ப் 10 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போக வர 20 மீட்டர். 4 சதுர மி.மீ. செப்புக் கம்பி. மோட்டார் 15 ஆம்பியர் இழுத்தால் கம்பியிலேயே 1.3 வோல்ட் போய்விடும். 12க்கு 10.7தான் மிச்சம். பம்ப் திணறும், சுக்கான் மெதுவாகத் திரும்பும், கம்ப்யூட்டர் மேலும் மேலும் கட்டளை போடும். எல்லோரும் எண்ணெயைக் குறை சொல்வார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும், நிறுத்திவிட்டு அளந்தால் 12.6 காட்டி ஏமாற்றும்.

நங்கூரம்72:
இங்கே வோல்டேஜ் பற்றி யார் கேட்டது?

ஆம்பியர்:
போன வருடம் கார்பன் பிரஷ் தேய்ந்ததற்கு முழுப் பம்பையும் மாற்றிவிட்டு, அதைப் பெருமையாக இங்கே எழுதியவர் கேட்கலாம். அன்றும் நான் சொன்னேன். அன்றும் "யார் கேட்டது" என்றீர்கள்.

நங்கூரம்72:
அந்தப் பம்பின் சீலும் போயிருந்தது. அதை வசதியாக மறந்துவிடுகிறீர்கள்.

புதுமாலுமி:
எல்லோருக்கும் வணக்கம். நேற்று கேள்வி கேட்டவன் நான்தான். ஒரு சின்ன விஷயம், நீங்கள் "பம்ப்" என்று சொல்வது வீலுக்குப் பின்னால் இருப்பதையா, ஆட்டோபைலட்டோடு வந்ததையா? இரண்டும் பம்ப் என்கிறார்கள். எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

அப்புறம், வலப்பக்கம் முழுக்கத் திரும்ப வீலை ஆறேகால் சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது, திரும்பி வர ஐந்தேகால்தான். இதுவும் கோளாறா?

காற்றாடி:
தம்பி, ஒரு சுற்று காணாமல் போகிறதென்றால் அது காற்று. ஏர் எடுங்கள்.

நங்கூரம்72:
அடக் கடவுளே. இதுவும் காற்றா!

தம்பி, உங்களுடையது ஒரு பக்கம் மட்டும் ராட் (பிஸ்டன் தண்டு) உள்ள சிலிண்டராக இருக்கும். ராட் இருக்கும் பக்கம் அந்த ராடே இடத்தை அடைத்துக்கொள்கிறது, எண்ணெய் குறைவாகப் பிடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிலிண்டர் உள்விட்டம் 40 மி.மீ., ராட் 16 மி.மீ., நகரும் தூரம் 200 மி.மீ. என்றால் ஒரு பக்கம் 251 சி.சி., மறுபக்கம் 211 சி.சி. ஹெல்ம் ஒரு சுற்றுக்கு 40 சி.சி. தள்ளினால் 6.3 சுற்றும் 5.3 சுற்றும் வரும். கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. ஆட்டோபைலட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் மெதுவாகத்தான் திருப்பும். நிமிடத்துக்கு 1 லிட்டர் தள்ளும் பம்ப் என்றால் 15 விநாடியும் 13 விநாடியுமாக இருக்கும்.

இதைக் காற்று என்று நம்பி எத்தனை பேர் வாரக் கணக்கில் ஏர் எடுத்துக்கொண்டிருக்கிறார்களோ.

காற்றாடி:
அந்த 40 சி.சி. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது ஐயா? ரிசர்வாயரிலிருந்து. எதன் வழியாக? ஆட்டோபைலட் பம்புக்குப் போகும் மூன்றாவது ஹோஸ் வழியாக. அந்த ஹோஸ் நடுவில் எங்காவது மேடாக வளைந்திருந்தால் அங்கே காற்று தங்கும், பம்ப் ஒவ்வொரு முறையும் அதை உறிஞ்சும். அது பம்பிலிருந்து ரிசர்வாயர் வரை சீராக மேலே ஏற வேண்டும். என் படகில் அது ஒட்டகம் மாதிரி வளைந்திருந்தது. நேராக்கினேன், ஏர் எடுத்தேன், வீல் நின்றது. உங்கள் கணக்கே என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

நங்கூரம்72:
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். உங்கள் முயலுக்கு மூன்று ஹோஸ். இதுவரை ஏர் எடுத்தேன் என்றுதான் சொன்னீர்கள். இப்போது ஹோஸையும் நேராக்கினேன் என்கிறீர்கள். இன்னும் என்னென்ன செய்தீர்கள்? எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டு, நின்றது காற்றால்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

துடுப்பு:
கேபிள் ஸ்டியரிங் வைத்திருப்பவன் என்ற முறையில் நிம்மதியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் இல்லை, குமிழி இல்லை, காக்கையும் இல்லை.

ஆனால் ஒன்று. ஹைட்ராலிக்காரர்கள் அவசரச் சுக்கான் கைப்பிடியை ஒரு முறையாவது மாட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஹோஸ் வெடித்தால் பரவாயில்லை, எண்ணெய் வெளியே போய்விடும். எண்ணெய் உள்ளேயே பூட்டிக்கொண்டால், சிலிண்டரின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பைபாஸ் வால்வைத் திறக்காமல் நான்கு பேர் தொங்கினாலும் கைப்பிடி அசையாது. அந்த வால்வு எங்கே இருக்கிறதென்றே பலருக்குத் தெரியாது.

நங்கூரம்72:
உங்கள் கேபிள் நடுக்கடலில் அறுந்தபோது யார் யாரிடம் உதவி கேட்டார்கள் என்பதும் இங்கே பலருக்குத் தெரியாது. விடுங்கள்.

துடுப்பு:
அறுகவில்லை. கப்பியிலிருந்து கழன்றது. பத்து நிமிடத்தில் மாட்டினேன்.

காற்றாடி:
பேச்சை மாற்ற வேண்டாம். நான் கேட்டது ஒன்றுதான். ஏர் எடுத்தேன், வீல் நின்றது. ஏடிஎஃப் ஊற்றி மூன்று வருடம் ஆகிறது, இன்றுவரை…

நங்கூரம்72:
நிறுத்துங்கள். என்ன ஊற்றினீர்கள்?

காற்றாடி:
ஏடிஎஃப். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய். அவசரத்துக்கு ஊற்றலாம் என்று என் கையேட்டிலேயே இருக்கிறது. பிரேக் எண்ணெய்தான் கூடாது, அது சீல் ரப்பரைத் தின்றுவிடும். இது எனக்கும் தெரியும், பாடம் எடுக்க வேண்டாம்.

நங்கூரம்72:
அவசரத்துக்கு! மூன்று வருடமாகவா அவசரம்? ஸ்டியரிங்குக்கு ஊற்ற வேண்டியது ஐஎஸ்ஓ 15 எண்ணெய். அந்த 15 என்பது 40 டிகிரியில் அதன் பாகுத்தன்மை. ஏடிஎஃப் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிப்பு. தடித்த எண்ணெய் கசிகிற வால்வு வழியாகக் குறைவாகத்தான் கசியும். உங்கள் வீல் நின்றதன் ரகசியம் இதுதான்! காற்றும் இல்லை, மண்ணும் இல்லை. நோய் அப்படியே இருக்கிறது, மேலே போர்வை போர்த்தியிருக்கிறீர்கள்.

காற்றாடி:
ஒரு நிமிடம். முதலில் தூசி அடித்துக்கொண்டு போனது என்றீர்கள். இப்போது கசிவு அப்படியே இருக்கிறது, எண்ணெய்தான் தடிப்பு என்கிறீர்கள். தூசி போனதா, இருக்கிறதா? ஒன்றைச் சொல்லுங்கள்.

நங்கூரம்72:
பாதி போயிருக்கும்.

காற்றாடி:
பாதி போயிருக்கும்! அருமை.

ஆம்பியர்:
நான் கம்பியின் தடிமனைத்தான் கேட்டேன், எண்ணெயின் தடிப்பை அல்ல. யாரும் இன்னும் அளக்கவில்லை.

புதுமாலுமி:
ஐயா, நீங்கள் சொன்னதில் எது எந்தப் பம்ப் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் இன்று காலை ஒரு சோதனை செய்தேன். ஆட்டோபைலட் பம்புக்குப் போகும் இரண்டு அழுத்த லைனிலும் அடைப்பு வால்வு இருக்கிறது. ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டு இரண்டையும் மூடி வீலைத் திருப்பினேன். சுக்கான் நன்றாகவே திரும்பியது, வீலும் கெட்டியாக இருந்தது. திறந்து ஆட்டோபைலட்டைப் போட்டால் மறுபடியும் வீல் சுற்றுகிறது, இடப்பக்கம் திரும்பும்போது மட்டும்.

நங்கூரம்72:
கேட்டீர்களா? இடப்பக்கம் மட்டும்! காற்றுக்கு இடம் வலம் தெரியுமா? இரண்டு செக் வால்வில் ஒன்று கசிகிறது. தம்பி, ஹெல்மில் அந்தப் பக்க ஹோஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். மரையில் டெஃப்லான் டேப் சுற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆட்டோபைலட் மாட்டும்போது டீ-இணைப்பு போடுகிறவர்கள் செய்யும் வேலை அது. டேப் நூல் நூலாகப் பிய்ந்து நேரே வால்வில் போய் உட்காரும். அங்கே திரவ சீலண்ட்தான் போட வேண்டும், டேப் கூடவே கூடாது.

காற்றாடி:
ராட் சிலிண்டருக்கு மட்டும் இடம் வலம் உண்டு, காற்றுக்குக் கிடையாதோ? ஒரு பக்க லைனில் மட்டும் காற்று தங்காதா?

நங்கூரம்72:
தங்கும். தங்கினால் வீல் சுற்றுமா? இதோடு பத்தாவது முறையாகக் கேட்கிறேன்.

காற்றாடி:
ஐந்தாவது முறை. நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

புதுமாலுமி:
கழற்றினேன். வால்வில் வெள்ளையாக ஒரு நூல் சிக்கியிருந்தது, டேப்தான் போலிருக்கிறது. எடுத்துவிட்டேன். கழற்றும்போது நுரை நுரையாக எண்ணெயும் வந்தது.

நங்கூரம்72:
டேப்! என்ன சொன்னேன்? என்ன சொன்னேன்?

காற்றாடி:
நுரை! அதைப் படிக்கவே மாட்டீர்களே. டேப் சுற்றிய இணைப்பு சரியாகப் பொருந்தாமல் அங்கிருந்துதான் காற்றை இழுத்திருக்கிறது. நான் சொன்ன காற்று அதுதான்.

நங்கூரம்72:
அழுத்தம் இருக்கும் லைனில் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே வரும் ஐயா, காற்று உள்ளே போகாது.

காற்றாடி:
அழுத்தம் எப்போதுமா இருக்கிறது? எதிர்ப்பக்கம் திரும்பும்போது அதே லைன்தானே உறிஞ்சும் பக்கம்?

நங்கூரம்72:
நீங்கள் முதலில் அந்த ஏடிஎஃப்பை வடித்துவிட்டு வாருங்கள், பேசுவோம். சரியான எண்ணெய் ஊற்றி வீல் சுற்றவில்லை என்றால் அப்போது சொல்லுங்கள்.

காற்றாடி:
ஓடுகிற படகை உங்களுக்காகப் பிரித்துக் காட்ட வேண்டுமா? நீங்கள் உங்கள் வால்வில் ஒரு தூசியைப் போட்டுக் காட்டுங்களேன்.

துடுப்பு:
காக்கை இன்னும் உட்கார்ந்திருக்கிறதா, பறந்துவிட்டதா?

புதுமாலுமி:
எல்லாவற்றையும் மாட்டி, சீலண்ட் போட்டு, ஏர் எடுத்துவிட்டு ஆட்டோபைலட்டைப் போட்டுப் பார்த்தேன். வீல் முன்பைவிட மெதுவாக, ஆனால் இன்னும் சுற்றுகிறது.

நங்கூரம்72:
வால்வு உட்காரும் இடத்தில் கீறல் விழுந்திருக்கும். டேப் அத்தனை நாள் அங்கே கிடந்திருக்கிறது.

காற்றாடி:
ஏர் சரியாக எடுத்திருக்க மாட்டீர்கள் தம்பி. இன்னொரு முறை எடுங்கள்.

ஆம்பியர்:
வோல்டேஜ்?