புதுப்பிப்பு: பெட்ரோல் கன் பாதியில் நிற்கும் விவகாரம்

என் காருக்குப் பெட்ரோல் போடும்போது கன் ‘டக் டக்’கென்று நின்றுவிடுவதாகப் போன மாதம் எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. பலரும் பங்க்கைத்தான் சந்தேகப்பட்டீர்கள். கும்பகோணம், பாபநாசம், தஞ்சாவூர் என்று எங்கே போட்டாலும் அதே கதை. ஆக, கோளாறு காரில்தான்.

கன் நுனியில் ஒரு சின்னத் துளை உண்டு. பெட்ரோலோ நுரையோ அதை மூடினால் கன் தானாக நின்றுவிடும். டேங்க் காற்று வெளியேற வழியில்லாவிட்டால், பெட்ரோல் உள்ளே இறங்காமல் மேலே எதிர்த்து வந்து துளையை மூடிவிடுகிறது. மெக்கானிக் அண்ணன் டேங்க்கின் காற்று வெளியேறும் குழாயைக் கழற்றித் தட்டினார்: குளவி கட்டிய மண்கூடு, அசல் வயல் வண்டல்! இப்போது ஒரே மூச்சில் நிரம்புகிறது.

அப்புறம், பங்க்கில் போடும் பெட்ரோல் அளவில் சந்தேகம் என்றவர்களுக்கு: 5 லிட்டர் அளவைப் பாத்திரம் பங்க்கில் இருக்கும். அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம். சில்லறைக்குப் பதில் மிட்டாய் நீட்டுவதற்குத்தான் இன்னும் மருந்து கிடைக்கவில்லை.