ஜே உடன்படிக்கை: கண்டன மனுக்களுக்கு வாஷிங்டன் தந்த பதில்

வரலாற்று மாணவி: அமெரிக்கத் தூதர் ஜான் ஜே 1794 நவம்பரில் இலண்டனில் பிரிட்டனுடன் கையொப்பமிட்ட உடன்படிக்கையின் வாசகம் 1795 ஜூலைத் தொடக்கத்தில் பிலடெல்பியாவில் அச்சாகி வெளிவந்ததும், பல ஊர்களில் கூட்டங்கள் கூடி, அதில் கையெழுத்திட வேண்டாம் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வாஷிங்டனுக்கு மனு அனுப்பினார்கள். அவர் மக்கள் குரலுக்குச் செவிசாய்க்கவில்லை என்று கூறுவது சரியாகுமா?

கடித வாசகர்: சரியாகாது என்றே கருதுகிறேன். பாஸ்டன் நகர நிர்வாகிகளுக்கு அவர் ஜூலை 28 அன்று எழுதிய பதிலைப் படித்துப் பாருங்கள். முன்வைக்கப்பட்ட வாதங்கள் ஒவ்வொன்றையும் கவனத்துடன் எடைபோட்டதாகச் சொல்லிவிட்டு, உடன்படிக்கை செய்யும் அதிகாரத்தை நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஆலோசனையுடனும் ஒப்புதலுடனும் குடியரசுத் தலைவருக்கே அரசியலமைப்பு அளித்திருப்பதால், பிறர் கருத்தைத் தம் சொந்த முடிவின் இடத்தில் வைக்க இயலாது என்கிறார். மற்ற ஊர்களுக்குச் சென்ற பதில்களுக்கும் இக்கடிதமே முன்மாதிரி. மரியாதையற்ற மனுக்களுக்கு மட்டும் பதில் எழுதாமல் விட்டார்.

வெளியே இந்த நிதானம், உள்ளே வேறு. மறுநாளே தம் முன்னாள் நிதியமைச்சர் ஹாமில்டனுக்கு எழுதிய தனிக் கடிதத்தில், இந்தக் கூச்சல் வெறிநாயைக் கண்டு எழுப்பும் கூச்சலைப் போல இருக்கிறது என்று குமுறுகிறார். மறு ஆண்டு ஜூலையில் தம் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜெபர்சனுக்கு எழுதும்போது, கொடுங்கோல் ரோமப் பேரரசன் நீரோவுக்கோ சாதாரண ஜேப்படித் திருடனுக்கோகூடப் பொருந்தாத சொற்களால் தம்மை ஏசுகிறார்கள் என்று மனம் நொந்துகொள்கிறார். செவிசாய்க்காதவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மாற்றுக் கருத்து: அவர் வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் நிதானமான, தகவலறிந்த ஆராய்ச்சியின் வழியாகவே உண்மையைத் தேட வேண்டும் என்று அதே பாஸ்டன் கடிதத்தில் அறிவுறுத்துகிறாரே, அந்தத் தகவல் மக்களுக்கு எப்படிக் கிடைத்தது? செனட் கதவை மூடிக்கொண்டு விவாதித்து, தேவையான மூன்றில் இரண்டு பங்கைச் சற்றும் மிஞ்சாமல் 20க்கு 10 என்ற வாக்கில் ஒப்புதல் அளித்தது. வாசகத்தை வெளியிடாமல் வைத்திருந்தபோது, வர்ஜீனியாவின் செனட்டர் மேசன் அதன் படியைப் பத்திரிகைக்குக் கொடுத்தார். அதன் பிறகுதான் ஊர்க்கூட்டங்களே கூடின. மறைத்து வைத்த ஒன்றைப் பற்றி மக்கள் பதற்றமின்றிப் பேசியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

கடித வாசகர்: அந்தக் குறையை ஏற்கிறேன். 1796 மார்ச்சில் நாடாளுமன்றக் கீழவையான பிரதிநிதிகள் சபை பேச்சுவார்த்தை ஆவணங்களைக் கேட்டபோதும், அயல்நாட்டுப் பேச்சுவார்த்தைக்கு இரகசியம் தேவை என்றும் உடன்படிக்கையில் அச்சபைக்குப் பங்கில்லை என்றும் கூறி அவர் மறுத்துவிட்டார். ஆயினும் நிதி ஒதுக்கும் உரிமை அச்சபையிடமே இருந்ததால், ஏப்ரல் 30 அன்று 51க்கு 48 என்ற வாக்கில் அது இசைந்த பிறகே உடன்படிக்கையைச் செயல்படுத்த முடிந்தது.