வாய்ப்பாடு மனதில் நிற்க என்ன செய்யலாம்?

வணக்கம். நாங்கள் கோத்தகிரிப் பக்கம். மகள் நான்காம் வகுப்பு. வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பிப்பாள், நடுவில் நிறுத்தி "ஏழெட்டு எவ்வளவு?" என்றால் மறுபடி ஓரேழு ஏழிலிருந்து தொடங்குகிறாள். ஐந்தாம் வாய்ப்பாடு வரை தெரியும். ஒன்பதாம் வாய்ப்பாடும் பிடித்துவிட்டது, விடையின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதே வருகிறதே, அதனால். 4×7, 7×4 இரண்டும் ஒன்றுதான் என்பதும் புரிந்துவிட்டது. மிச்சம் 6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8 மட்டும்தான். இந்த ஆறும் நிற்கவே மாட்டேன் என்கின்றன.

தேயிலைத் தோட்ட வேலை முடிந்து நாங்கள் வீடு சேர இருட்டிவிடும். மழைக்காலத்தில் கரண்டும் போய்விடும், அதனால் செல்போன் செயலி வேண்டாம். திட்டி, நூறு தடவை எழுத வைக்கவும் மனமில்லை. பிள்ளைக்குக் கணக்கே பயமாகிவிடும். சமைக்கும்போதோ பஸ்ஸுக்கு நிற்கும்போதோ வாயால் விளையாடும்படி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், ஒரு நாளைக்கு எத்தனை கணக்கு கேட்டால் போதும்?