மறு: ‘புரோ-ஆம்’ போட்டிக்கு ‘இருவகையர் போட்டி’ சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்னூக்கர் என்ற மேசைப் பந்தாட்டத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களும் அமெச்சூர்களும் சேர்ந்து ஆடும் போட்டியை ஆங்கிலத்தில் ‘புரோ-ஆம்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக ஆம்பூர் ஐயா முன்வைத்த ‘கலப்புப் போட்டி’ வேண்டாம் என்றே நினைக்கிறேன். பாட்மின்டனுக்கும் டென்னிஸுக்கும் ‘கலப்பு இரட்டையர்’ என்று பத்திரிகைகள் பல காலமாக எழுதிவருகின்றன. கலப்பு என்றாலே ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவது என்று வாசகர் மனத்தில் பதிந்துவிட்டது. அதிலும் ஸ்னூக்கரின் தொழில்முறைத் தொடரில் பெண்களுக்கும் இடம் உண்டு. ஒரே போட்டியில் ஆண்களை எதிர்த்து ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்தில் போய் ‘கலப்பு’ என்று எழுதினால் படிப்பவர் வேறு எதையோ நினைத்துக்கொள்வார்.

இந்தச் சொல் எனக்கு ஏன் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்து ஹால்களுக்கு ஆட வரும் பையன்களுக்காக ஸ்னூக்கர் விதிகளையும் போட்டி முறைகளையும் தமிழில் எழுதிவருகிறேன். ரெட், கலர், ஃபவுல், பிரேக், பிரேம் எல்லாம் அவர்கள் வாயில் புழங்குகிற சொற்கள், அவற்றைத் தொடப்போவதில்லை. ஆனால் யூடியூபில் உலகப் போட்டிகளைப் பார்த்துவிட்டு, “இவர் அமெச்சூர்னு போடறாங்க, அப்புறம் எப்படி சாம்பியனையே ஜெயிச்சாரு?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லப் போனால் நம்மிடம் இருக்கிற சொற்கள் எல்லாமே வழியை மறிக்கின்றன.

2019 உலகச் சாம்பியன்ஷிப்பை எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றில், பல முறை உலகச் சாம்பியனான ரோனி ஓ’சல்லிவனை 10–8 என்ற பிரேம் கணக்கில் (பிரேம் என்பது ஒரு தனி ஆட்டம்) வீழ்த்திய ஜேம்ஸ் கேஹில் அப்போது அமெச்சூர். அந்தப் போட்டி நடக்கும் இங்கிலாந்தின் குரூசிபிள் அரங்கில் ஆடிய முதல் அமெச்சூரும் அவர்தான். அதற்கு முந்தைய ஆண்டு யு.கே. சாம்பியன்ஷிப்பில் இன்னொரு உலகச் சாம்பியனான மார்க் செல்பியையும் தோற்கடித்திருந்தார். இப்படிப்பட்டவரைக் ‘கத்துக்குட்டி’ என்று எழுதினால் அது மொழிபெயர்ப்பு ஆகாது, அவமதிப்பு. ‘பொழுதுபோக்கு ஆட்டக்காரர்’ என்பதும் அப்படித்தான். இத்தனைக்கும் கேஹில் சில ஆண்டுகள் தொழில்முறைத் தொடரில் ஆடி, 2017-ல் இடத்தை இழந்தவர். இடம் போனதும் ‘அமெச்சூர்’ ஆகிவிட்டார். திறமையா குறைந்தது? தொடரில் ஆட அனுமதிக்கும் அட்டைதான் காலாவதியானது.

சென்ற வாரம் கோவையிலிருந்து எழுதிய அம்மா, பணத்துக்காக ஆடினால் தொழில்முறை, இல்லாவிட்டால் தொழில்சாரா என்று பிரித்திருந்தார். அந்த அளவுகோலும் இந்த ஆட்டத்துக்கு உதவாது. நம் நாட்டு ஆட்டக்காரர் பங்கஜ் அத்வானி 2003-ல் ஐ.பி.எஸ்.எஃப். (சர்வதேச பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கூட்டமைப்பு) உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். அது அமெச்சூர்களுக்கான பட்டம். 2012-ல் தொழில்முறைத் தொடருக்குப் போனார், 2014-ல் தாமே விலகினார். பிறகு 2015-லும் 2017-லும் அதே ஐ.பி.எஸ்.எஃப். பட்டத்தை மறுபடியும் வென்றார். ஆட்டத்தால் பெயரும் பெற்றார், ஓ.என்.ஜி.சி.யில் வேலையும் பெற்றார். ஆட்டமே வாழ்க்கையாக இருப்பவரைத் ‘தொழில்சாரா’ என்று எப்படி எழுதுவது?

கபடியிலும் இந்தச் சிக்கலை நாம் பார்த்தவர்கள்தான். குடியாத்தம், அணைக்கட்டு பக்கம் போஸ்டர்களில் ‘அமெச்சூர் கபடிக் கழகம்’ என்று இருக்கும். 2014-க்குப் பிறகு ‘புரோ கபடி’யும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். ஒரே வீரர் இரண்டு பெயருக்குக் கீழும் ஆடுகிறார். ஆகவே ‘அமெச்சூர்’ என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ‘அமெச்சூர்’ என்பதற்கு ஈடாகச் சொல்லப்படும் ‘பயில்முறை’ அழகான சொல், ‘தொழில்முறை’யோடு ஜோடியும் சேர்கிறது, நாடகத்துக்குப் பொருந்தவும் செய்யும். ஆனால் ஸ்னூக்கர் ஹாலில் அதைச் சொன்னால் இப்போதுதான் கற்க வந்தவர் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

உண்மையில் நாம் பெயர் வைக்க வேண்டியது அந்த அட்டைக்குத்தான். ஆங்கிலத்தில் டூர் கார்டு என்கிறார்கள். ஒரு முறை கிடைத்தால் இரண்டு பருவங்களுக்குச் செல்லும். அந்தக் காலம் முடியும்போது தரவரிசையில் முதல் 64 பேருக்குள் இருப்பவர்கள் தொடர்வார்கள். மற்றவர்கள் 2011-ல் தொடங்கிய க்யூ ஸ்கூல் போன்ற தகுதிப் போட்டிகளில் ஆடித்தான் திரும்பி வர வேண்டும். கையில் அட்டை உள்ளவர் தொழில்முறை, இல்லாதவர் அமெச்சூர். கோடு அவ்வளவுதான். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1991-ல் தொழில்முறை ஆட்டத்தின் கதவை எல்லாருக்கும் திறந்துவிட்டபோது கட்டணம் கட்டியவர்கள் எல்லாம் தொழில்முறை ஆகிவிட்டார்கள், நூற்றுக்கணக்கில்.

டூர் கார்டுக்குச் ‘சுற்றுரிமை’ என்று ஒரு யோசனை வந்தது. ‘சுற்று’ ஏற்கெனவே முதல் சுற்று, காலிறுதிச் சுற்று என்று புழங்குவதால் அது இடிக்கும். ‘தொடருரிமை’ என்று வைக்கலாம். பருவம் முழுதும் நடக்கும் போட்டித் தொடரில் ஆடும் உரிமை. ‘தொடருரிமை பெற்றவர்’, ‘தொடருரிமை இழந்தவர்’ என்று வாக்கியத்தில் இயல்பாக உட்காருகிறது. “கேஹில் 2017-ல் தொடருரிமையை இழந்தார்” என்று சொன்னால் பையனுக்கு ஒரே வரியில் புரிந்துவிடும்.

சரி, புரோ-ஆம். தொடருரிமை உள்ளவரும் இல்லாதவரும் ஆடினாலே அது புரோ-ஆம் என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய தரவரிசைப் போட்டிகளில்கூட, ஆள் குறைந்தால் அமெச்சூர்களைக் கூப்பிட்டு இடத்தை நிரப்புகிறார்கள். அதனால் அவை புரோ-ஆம் ஆகிவிடுவதில்லை. புரோ-ஆமில் இரு வகையினருக்கும் நுழைவு உரிமையாகவே உண்டு, யாரும் கூப்பிட வேண்டியதில்லை. தரவரிசைப் புள்ளி கிடையாது என்பதை இலக்கணமாக வைக்கலாமா என்றால் அதுவும் நிற்காது. 2010 முதல் 2016 வரை நடந்த பிளேயர்ஸ் டூர் சாம்பியன்ஷிப் தொடரின் பல போட்டிகள் புரோ-ஆம்தான். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அவற்றில் தரவரிசைப் புள்ளிகள் இருந்தன.

எனவே பெயர் ஆட்களின் வகையைச் சொன்னால் போதும். ‘இருநிலைப் போட்டி’ என்றால் இரண்டு கட்டமாக நடப்பது என்று படிப்பார்கள். ‘திறந்தநிலை’யும் ஒத்துவராது. வெல்ஷ் ஓபன் என்று பெயர் இருந்தாலும் அது தொழில்முறைத் தரவரிசைப் போட்டி. நம்மூரிலோ ஓபன் டோர்னமென்ட் என்றால் எண்ட்ரி கட்டியவர் யாரும் ஆடலாம் என்று அர்த்தம். ‘இருவகையர் போட்டி’ என்பதில் இந்த இடறல்கள் இல்லை. பழக்கமில்லாத சொல்தான், ஆனால் ‘அது என்ன இரு வகை?’ என்ற கேள்வியை எழுப்பும், அதற்குப் பதில் ‘தொடருரிமை’யில் இருக்கிறது.

இந்த ஆட்டம் 1875-ல் ஜபல்பூரில் உருவானது. விதிகள் வடிவம் பெற்றதில் ஊட்டி கிளப்புக்குப் பங்குண்டு. நம் மண்ணில் விதி எழுதப்பட்ட ஆட்டத்துக்குத் தமிழில் ஒழுங்கான கையேடு இல்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. சில இருவகையர் போட்டிகளில் தொழில்முறை ஆட்டக்காரர் ஒவ்வொரு பிரேமிலும் எதிராளிக்குக் குறிப்பிட்ட புள்ளிகளை முதலிலேயே கொடுத்துவிட்டுத்தான் ஆட வேண்டும். ‘முன்புள்ளி’ என்று எழுதிவைத்திருக்கிறேன். மதுரை, நெல்லைப் பக்கத்து கேரம் ஆட்டக்காரர்களிடம் இதற்கு வேறு சொல் புழக்கத்தில் இருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்கிறேன். கையேட்டின் அந்தப் பக்கத்தை அதுவரை அச்சுக்குக் கொடுக்கவில்லை.

அன்புடன்,
வேலூரிலிருந்து