சென்னை–சிங்கப்பூர்: டிக்கெட்டில் ஆறரை மணி நேரம், வானில் நான்கு

மெரினாக்காற்று:
போன மாதம் அம்மாவுக்கு முதல் விமானப் பயணம். புறப்பாடு இரவு 11:15, வருகை காலை 5:45. "ஆறரை மணி நேரம் ஆகும், நன்றாகத் தூங்கும்மா" என்று நான்தான் சொன்னேன். மூன்றரை மணி நேரத்திலேயே விமானம் இறங்கத் தொடங்கியது. காது அடைத்து விழித்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றுகூட ஆகவில்லை. "ஏம்பா, பாதி வழியில் இறக்குகிறார்களே, கீழே கடல்தானே?" என் மணிக்கட்டைப் பிடித்த பிடி, சக்கரம் தரையைத் தொடும்வரை தளரவில்லை. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. அந்த வித்தியாசத்தைக் கழிக்க மறந்தது நான். அந்த அரை மணி நேரம் இன்னும் உறுத்துகிறது.

காவிரிக்கரை:
திரும்பும்போது நேர்மாறு. சிங்கப்பூரில் இரவு 8 மணிக்கு ஏறினேன், சென்னையில் 9:40. அப்பா அதைச் சிங்கப்பூர் நேரம் என்று எண்ணி, இரண்டரை மணியைக் கழித்து, 7:10க்கே மீனம்பாக்கம் வந்துவிட்டார். நான் வெளியே வரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. தடுப்புக் கம்பியில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றுகொண்டிருந்தார். எழுபது வயது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டேனே.

மேகத்துக்குமேல்:
நான்கு மணி நேரமும் பறப்பதாக நினைக்காதீர்கள். தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் என்றாலும் மூன்றரை மணிக்குள் முடிந்துவிடும். மீதி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும், ஏறி இறங்கும்போது குறையும் வேகத்திலும் போகிறது. ஒருமுறை சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு மேலே இடிமழை. திரையில் எங்கள் விமானம் முட்டை வடிவில் சுற்றிச் சுற்றி வந்தது, 35 நிமிடம். ஆகவே அங்கே இறங்கி வேறு விமானம் பிடிக்கிறவர்கள் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும், இன்னும் கூடுதலாக விடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் இறங்கும் ஊர்க் கடிகாரத்தை மட்டும் நம்பாமல், அடுத்த ஊசி எப்போது என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். புறப்பாடு, வருகை இரண்டுக்கும் நடுவே சிறிய எழுத்தில் பயண நேரம் இருக்கும். பெரியவர்களிடம் அதைச் சொல்லுங்கள்.

நாகைக்காரர்:
இரண்டரை மணி என்பதே பிறகு வந்தது. 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. அதற்கு முன்பு வித்தியாசம் இரண்டு மணிதான். 1979இல் நான் போனது 'சிதம்பரம்' என்ற பயணிகள் கப்பலில். நாட்கணக்கான பயணம், கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவைத்தோம். இறங்கும்போது யாருக்கும் குழப்பம் இல்லை.

மெரினாக்காற்று:
மேகத்துக்குமேல் ஐயா, உங்கள் கணக்கு சரி. அம்மா பயந்தது அதனால் இல்லை, நான் சொன்ன ஆறரையால். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தனியாகத் திரும்புகிறார். "நான்கு மணி நேரம். கடைசி அரை மணியில் காது அடைக்கும்" என்று தாளில் எழுதி அவர் கைப்பையில் வைத்திருக்கிறேன்.