பிக்ஃபுட் தேடுறவங்கள நம்பலாமா, இல்ல காசு பாக்குற வேலையா?

செந்தூல்காரன்:
நேத்து மாமாக் கடைல தே தாரிக் குடிக்கிறப்ப கூட்டாளி ஒருத்தன் பிக்ஃபுட் (காட்டுல திரியுதுன்னு சொல்ற, உடம்பெல்லாம் முடி மொளச்ச பெரிய மனுசக் கொரங்கு) வீடியோவா காட்டுறான், அமெரிக்கால காசு கட்டுனா காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி தேட விடுறாங்களாம், போலாமாங்குறான். இது ஆராய்ச்சியா, யாவாரமா?

பட்டர்வொர்த் மச்சான்:
2008-ல அமெரிக்காவோட ஜார்ஜியா மாநிலத்து ஆளுங்க ரெண்டு பேரு ஐஸ்பெட்டில பிக்ஃபுட் பொணம் இருக்குன்னு பிரஸ் மீட்டே வச்சாங்க, ஐஸ் உருகுனா உள்ள ரப்பர் டிரெஸ் லா. அதுல ரிக் டயருங்குறவன் திரும்ப வேற ஒரு பொம்மைய ஊர் ஊரா காசு வாங்கிக் காட்டிட்டு 2014-ல அதுவும் டூப்புன்னு ஒத்துக்கிட்டான். ஒருவாட்டி மாட்டுனவனுக்கே திரும்பவும் காசு குடுத்திருக்காங்க பாருங்க!

ஈப்போ ரோட் அக்கா:
எல்லாரையும் ஒரே தராசுல வைக்காதீங்க தம்பி. பிக்ஃபுட் தேடுன பீட்டர் பர்ன்னு ஒருத்தரு 1976-ல கெடச்ச முடிய எஃப்.பி.ஐ.கிட்டயே டெஸ்ட் பண்ணக் கேட்டாரு, ரிசல்ட் என்னன்னா மான் குடும்பத்து முடி. ஏமாத்துறவன் லேபுக்கா அனுப்புவான்? ஆனா அவங்களுக்கும் செலவுக்குப் பணம் எவனாவது குடுக்கணும்ல, அங்கதான் லேசா இடிக்குது.

செந்தூல்காரன்:
சரிக்கா. இங்க ஜொகூர்லயே பிக்ஃபுட் மாதிரி மாவாஸ்னு ஒண்ணு இருக்குன்னு சொல்றாங்க, அதத் தேடப் போனா பெட்ரோல் காசோட முடிஞ்சிரும்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்.