நின்றால் சூடு, ஓடினால் குளிர்: எங்கள் காரின் ஏசி பட்ட பாடு

தாம்பரத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

சென்ற கத்திரி வெயிலில், வயதான என் பெற்றோரை அழைத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து வந்துகொண்டிருந்தோம். மேல்மருவத்தூர் தாண்டும்வரை, அம்மா போர்வை கேட்கும் அளவுக்கு ஏசி குளிர்ந்தது. பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் வண்டி நின்றதும் காற்றில் குளிர் குறைந்தது, நகர்ந்ததும் மீண்டது. பெருங்களத்தூர் நெரிசலில் முற்றிலும் வெறும் காற்றுதான் வந்தது. அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதால் நான் மிகவும் பயந்துபோனேன்.

மறுநாள் ஒரு கடையில், என்ன நடந்தது என்று நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே "கேஸ் குறைந்திருக்கும்" என்று சொல்லி, அழுத்தம் காட்டும் அளவி எதுவும் மாட்டாமல், இருப்பதன் மேலேயே கேஸ் ஏற்றினார்கள். மாலையில் புறவழிச்சாலையில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாகவே குளிர்ந்தது. இரண்டு நாள் கழித்து நண்பகல் சிக்னலில் மறுபடியும் அதே வெக்கை. இம்முறை முன்னைவிட விரைவாக வந்தது. ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருளன்று; மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். இதை நான் அப்போது அறிந்திருந்தால் அந்தக் கடையில் பணம் கொடுத்திருக்கவே மாட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் முதலில் கேட்ட கேள்வி, "ஓடும்போது குளிருதா, நிக்கும்போது குளிருதா?" என்பதுதான். என்ஜினை இயக்குவதற்கு முன்பே, குறைந்த அழுத்தப் பக்கத்துக்கும் (லோ சைடு) உயர் அழுத்தப் பக்கத்துக்கும் (ஹை சைடு) உரிய இரண்டு அளவிகளையும் மாட்டினார். இரண்டு முள்களும் 100 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தின் அலகு) அருகில் ஒன்றாக நின்றன. காலை வெயிலில், எங்கள் ஏசியில் இருக்கும் 134ஏ என்ற வகைக் கேஸுக்கு அது இயல்பான அழுத்தம் என்றும், கேஸ் அறவே இல்லாமல் போய்விடவில்லை என்பதை மட்டும் அது காட்டுமே தவிர, கூடுதலாக இருக்கிறதா என்பதைக் காட்டாது என்றும் விளக்கினார். பிறகு என்ஜினை இயக்கி ஏசியைப் போட்டதும், ஹை சைடு முள் 200, 250, 300 என்று நிற்காமல் ஏறியது. அது 350ஐத் தாண்டியபோது அவர் ஒரு குவளைத் தண்ணீரை, கிரில்லுக்குப் பின்னால் கேஸின் வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சரின் மேல் ஊற்றினார். ஆவி எழுந்த அதே நொடியில் முள் சரசரவென்று இறங்கியது. உள்ளே கையை நீட்டிப் பார்த்தேன், காற்று குளிர்ந்திருந்தது. கேஸ் உள்ளிருந்து சுமந்து வரும் வெப்பத்தை வெளியே விட முடியாமல் கண்டன்சர் திணறுகிறது என்பது எனக்கே புரிந்துவிட்டது.

கிரில்லின் இடுக்கு வழியாக டார்ச் அடித்துக் காட்டினார். எங்கள் காரில் ரேடியேட்டருக்கு ஒரு ஃபேனும் கண்டன்சருக்குத் தனியாக ஒரு ஃபேனும் உண்டு. முதலாவது சுழன்றது, அதனால்தான் என்ஜின் சூடு காட்டும் முள் ஒருநாளும் ஏறவில்லை. இரண்டாவது அசையாமல் நின்றது. ஃப்யூஸும் ரிலேயும் நன்றாக இருந்தன. மோட்டார் வரை மின்சாரமும் வந்தது. ஒரு நீண்ட மரக்கட்டையால் மோட்டாரின் முதுகில் மெல்லத் தட்டியதும் இறக்கைகள் ஒருமுறை துடித்து, சுழலத் தொடங்கின. உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துபோயிருந்தது. (இதை யாரும் கையால் முயல வேண்டாம், அந்த ஃபேன் எந்த நேரத்திலும் சுழலக்கூடும்.) நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே ஃபேனின் வேலையைச் செய்துவிட்டதால்தான், ஓடும்போது எந்தக் குறையும் தெரியவில்லை.

மோட்டாரை மாற்றிய பிறகு, பழைய கேஸை முழுவதும் எடுத்து, வேக்கம் போட்டு (குழாய்களில் மிஞ்சிய காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த தாளில் குறிப்பிட்ட கிராம் அளவை எடைபோட்டு ஏற்றினார். முதல் கடையில் ஏற்றிய கூடுதல் கேஸ், ஏற்கெனவே உயர்ந்திருந்த அழுத்தத்தை மேலும் உயர்த்தியிருந்ததாம். இப்போது நண்பகலில் நின்ற நிலையிலும் லோ சைடு 35, ஹை சைடு 220 என்று நிற்கிறது.

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, எங்களுக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. நீண்ட பயணத்தில் ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்த பிறகு, காற்றின் வேகமே குறைந்துகொண்டு வந்தது. ப்ளோயரை நான்காம் எண்ணில் வைத்தாலும் இரைச்சல் மட்டும் கேட்டதே தவிர, முகத்தில் காற்று படவில்லை. ஏசி பொத்தானை மட்டும் அணைத்துவிட்டு ப்ளோயரைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் காற்று திரும்பிவிடும். வண்டிக்கு அடியில் தண்ணீர் குளமாகத் தேங்கும். காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலின் மேல் பனிக்கட்டி படிந்து, காற்று போகும் வழியை அடைத்திருக்கிறது. டாஷ்போர்டுக்கு உள்ளே இருந்த கேபின் ஃபில்டரை உருவியபோது வேப்பிலைச் சருகும் புழுதியும் கெட்டியாக அப்பியிருந்தன. அதை மாற்றியும் பாதிதான் சரியானது. காயிலின் குளிரை அளந்து, கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய சென்சார் பழுதாகியிருந்ததே மீதிக் காரணம். கேஸ் அளவு சரியாக இருந்ததால் அதில் யாரும் கைவைக்கவில்லை.

தூத்துக்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் வண்டியில் உண்மையாகவே கேஸ் கசிந்தது. கண்டன்சரின் கீழ் மூலையில் மட்டும் புழுதி எண்ணெய்ப் பசையோடு கருத்து ஒட்டியிருந்ததை என் மகன்தான் முதலில் கவனித்தான். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் வெளியேறுவதால் கசியும் இடத்தில் அந்தக் கறை படியுமாம். நைட்ரஜன் அடைத்து சோப்பு நுரை தடவியதும், சரியாக அதே மூலையில் குமிழிகள் கிளம்பின.